இருமாதவளுக்கு முதல் குழாய்

செலியமேட்டுச் சமுதாயக் கூடத்தில் காலை பத்தே முக்கால் மணிக்கு முதல் ஆள் இருமினார். அவர் அடுத்த மூச்சை இழுப்பதற்குள் முன்வரிசை முழுவதும் இருமியது. பிறகு கூடமே இருமியது. மேடையில் நின்றிருந்த எனக்கு அந்த நொடியில் பெருமையாகக்கூட இருந்தது. நான் பாஸ் பண்ணிய எண்ணெய் அது. அவ்வளவு நல்ல எண்ணெய் எங்கள் ஆலைக்கு அதுவரை வந்ததே இல்லை.

அந்தப் பெருமை எவ்வளவு நேரம் நின்றது என்று கேட்டால், என் மகள் பவித்ராவைத் திரும்பிப் பார்க்கும் வரைக்கும் என்றுதான் சொல்ல முடியும்.

ஆய்வகத்தில் இப்போது வேலை செய்யும் பிள்ளைகள் சென்ற மாதம் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். எண்ணெயைக் குடித்துப் பார்த்துத் தரம் சொல்லும் சுவைக் குழுவைக் கலைத்துவிட்டு, அதற்குப் பதிலாக ஒரு கருவியை வைக்கப் போகிறார்களாம். எண்ணெயில் ஒரு குச்சியை விட்டால் கசப்பு இவ்வளவு, காரம் இவ்வளவு என்று திரையில் காட்டிவிடுமாம். "அந்த மெஷின் இருமுமா?" என்று கேட்டேன். இருமாது என்றார்கள். "அப்ப அத எந்த ஆஸ்பத்திரிப் பக்கமும் கொண்டு போயிடாதீங்க" என்றேன். அவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஏன் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். ஐம்பத்து மூன்று வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவளுக்கும் ஏதாவது வேலை வேண்டும் அல்லவா, எழுதுகிறேன்.

வேலைக்கு வந்த கதை சிறியது. வேதியியல் பட்டம் வாங்கிய கையோடு, வில்லியனூர்ப் பக்கம் இருந்த எண்ணெய் நிரப்பும் ஆலையில் ஆய்வக உதவியாளராகச் சேர்ந்தேன். பாகூரிலிருந்து பஸ்ஸில் போய்வருவேன். முதலில் கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும்தான். குடுவையும் சொட்டுக் குழாயுமாக நாட்கள் போயின. எண்ணெய் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பார்க்க, அதில் அயோடைடு கரைசலைக் கலந்து மாவுக் கரைசலை விடுவோம். கருநீலமாகும். பிறகு தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக இறக்கினால் ஒரு கட்டத்தில் நீலம் சட்டென்று மறையும். அதிகச் சொட்டு வாங்கினால் எண்ணெய்க்குச் சிக்கு பிடித்துவிட்டது என்று பொருள். வேலையே இவ்வளவுதான் என்று நினைத்திருந்தபோது, கப்பலில் ட்ரம் ட்ரம்மாக ஆலிவ் எண்ணெய் வர ஆரம்பித்தது. அதோடு அந்துவான் சாரும் வந்தார்.

அந்துவான் சார் புதுச்சேரி டவுன்காரர். பிரான்சில் இதே தொழிலில் பல வருடம் இருந்துவிட்டு, குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று திரும்பி வந்தவர். ஆய்வகத் தலைவர். கூட்டிப் பெருக்கும் அம்மாவிலிருந்து எல்லாப் பெண்களையும் பிரெஞ்சு வழக்கப்படி 'மேதாம்' என்றுதான் கூப்பிடுவார். யாரையும் திட்டியதில்லை. ஆனால் காலையில் ஆய்வக வாசலில் நின்று ஒவ்வொருவரையும் முகர்ந்து பார்த்துத்தான் உள்ளே விடுவார். தலையில் தேங்காய் எண்ணெய் இருந்தால் அன்று குழுவில் இடமில்லை. முகத்தில் பவுடர் கூடாது. காபி குடித்துவிட்டு வந்தவர்கள் வாசனை போகும்வரை வராந்தாவில் உட்கார வேண்டும். மல்லிகைப் பூ கூடவே கூடாது. வெள்ளிக்கிழமை பூ வைக்காமல் வீட்டைவிட்டு வர முடியாது என்று குழுவில் இருந்த பேக்கிங் பிரிவுப் பெண்கள் சொன்னபோது அவர் வாதாடவில்லை. குழு கூடும் நாளை வியாழனுக்கு மாற்றிவிட்டார்.

"எங்க வூட்டுக்காரர்கூட என்ன இப்டி மோந்து பார்த்தது இல்ல சார்" என்று ஏம்பலத்திலிருந்து வரும் செல்வி ஒருநாள் சொன்னாள்.

சார் மிகவும் வருத்தப்பட்டு, "அவருக்கு எண்ணெய் லாட்டுல பாஸ்னு கையெழுத்துப் போடுற வேலை இல்லையே மேதாம்" என்றார்.

குடிக்கும் முறையும் அவர் வைத்ததுதான். எண்ணெயின் நிறம் நம்மை ஏமாற்றாமல் இருக்க நீலக் கண்ணாடிக் கோப்பை. அதன் மேல் ஒரு கண்ணாடி மூடி. இடது உள்ளங்கையில் கோப்பையை வைத்து, வலது கையால் மூடியைப் பொத்தி, எண்ணெய் நம் உடம்புச் சூட்டுக்கு வரும்வரை மெல்லச் சுழற்ற வேண்டும். மூடியை விலக்கி ஆழமாக ஒருமுறை முகர வேண்டும். பிறகு ஒரு சிறு வாய். அதை நாக்கில் பரப்பி, பல்லிடுக்கு வழியாகச் சர்ரென்று காற்றை இழுக்க வேண்டும். கசப்பு நாக்கில் தெரியும். கடைசியாக விழுங்கும்போது தொண்டையின் பின்பக்கம் மிளகு கடித்தது போலச் சுருக்கென்று குத்தும். அங்கேதான் இருமல் வரும். நல்ல எண்ணெய்க்கு அதுதான் அடையாளம். ஒரு இருமல் எண்ணெய், இரண்டு இருமல் எண்ணெய் என்று சார் தரம் பிரிப்பார். தொண்டையைச் செருமினால் அரை. அடுத்த கோப்பைக்கு முன் ஒரு துண்டு ஆப்பிளும் ஒரு வாய்த் தண்ணீரும்.

அந்தக் குத்தலுக்குக் காரணமான பொருளின் பெயர் ஓலியோகாந்தால். நாக்குக்கு அது அவ்வளவாகத் தெரியாது, தொண்டைக்குத்தான் தெரியும். காய்ச்சலுக்கும் வலிக்கும் போடும் சில மாத்திரைகள் உடம்பில் அழற்சியைத் தணிக்கின்றனவே, ஏறக்குறைய அதே வழியில் இதுவும் வேலை செய்கிறது என்று படித்திருக்கிறேன். கசப்புக்கு வேறு பொருள்கள் இருக்கின்றன. அவற்றைப் பற்றிச் சார் பாடம் எடுக்கவில்லை. பாய்லருக்குப் பக்கத்தில் எப்போதும் சூடாக இருக்கும் ஓர் அலமாரியில் இரண்டு குவளைகளை வைத்துக் கதவைச் சாத்தினார். ஒன்றில் சுத்திகரித்த எண்ணெய். அதற்கு மணமும் இல்லை, இருமலும் இல்லை. மற்றதில் மூன்று இருமல் எண்ணெய். கதவைத் திறக்கக் கூடாது, வெளிச்சம் பட்டால் பச்சை எண்ணெய்தான் முதலில் கெடும், அதனால்தான் கரும்பச்சைப் பாட்டிலில் அடைக்கிறோம் என்றார். பல வாரம் கழித்துத் திறந்தபோது முதல் குவளையில் பழைய முறுக்கு டப்பாவின் சிக்கு வாடை. இரண்டாவது ஏறக்குறைய வைத்தபடியே இருந்தது.

"நம்ம ரத்தத்துலயும் கொழுப்பு ஓடுது மேதாம். அதுக்கும் இந்த மாதிரி சிக்கு பிடிக்கும். சிக்கு பிடிச்ச கொழுப்புதான் ரத்தக் குழாய்ச் சுவத்துல போயி ஒட்டிக்கும். இந்தக் கசப்பு, குவளைக்குள்ள செஞ்ச வேலைய உடம்புக்குள்ளயும் கொஞ்சம் செய்யுது" என்றார் சார்.

"அப்ப நெறைய குடிச்சா நல்லதா சார்?"

"நாலு கரண்டி குடிச்சா நாலு கரண்டி கொழுப்பு. வேற எண்ணெய்க்குப் பதிலா ஊத்துங்க, அதுக்கு மேல ஊத்தாதீங்க. அடுப்புல வச்சிப் புகைய விடாதீங்க. இது மருந்துக் கடை மாத்திரை இல்ல."

பின்னால் நானாகப் படித்துத் தெரிந்துகொண்டேன். கசப்பில் இருக்கும் ஹைட்ராக்ஸிடைரோசால் போன்றவையும் வைட்டமின் ஈயும் கொழுப்பு ஆக்சிஜனோடு சேர்ந்து கெடுவதைத் தடுக்கின்றன. அந்த வேலைக்கென்று உடம்பு தானே வைத்திருக்கும் நொதிகளுக்கும் அவை கை கொடுக்கின்றன என்கிறார்கள். எவ்வளவு படித்தாலும், இதயம் என்றால் எனக்கு நினைவுக்கு வருவது அந்த அலமாரிக் கதவுதான்.

இதயம் என்ற சொல்லே என் வீட்டில் கொஞ்சம் பயத்தோடு புழங்குவது. பவித்ராவுக்குப் பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை. ஐந்து வயதில் நெஞ்சைத் திறந்து அடைத்தார்கள். நன்றாகிவிட்டாள் என்று டாக்டர்கள் ஒவ்வொரு வருடமும் சொன்னார்கள். நான் ஒவ்வொரு வருடமும் அதை நம்பாமல் வீடு திரும்பினேன். அந்த ஓட்டைக்கும் எண்ணெய்க்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், அவளுடைய இட்லிப் பொடியில் நல்லெண்ணெய்க்குப் பதிலாக, நான் பாஸ் பண்ணியதிலேயே காரமானதை ஊற்றினேன். சிறுமியாக இருந்தபோது ஒவ்வொரு இட்லிக்கும் இருமுவாள். கல்லூரிக்குப் போகும் வயதில் அதை மோர் போல விழுங்கினாள். பழகிய தொண்டை இருமாது. அதனால்தான் அந்துவான் சார் குழுவில் புது ஆட்களைச் சேர்த்துக்கொண்டே இருப்பார்.

சார் ஓய்வு பெற்று டவுனுக்குப் போனபின் கையெழுத்துப் போடும் பொறுப்பு எனக்கு வந்தது. பல வருடம் கழித்து விற்பனைப் பிரிவுக்குச் சென்னையிலிருந்து கோகுல் என்ற தம்பி வந்தான். ஆலிவ் எண்ணெய் என்றால் எங்கள் பக்கத்தில் மருந்துக் கடையில் சின்ன டப்பாவில் கிடைக்கும், கைக்குழந்தைக்குத் தேய்க்கும் எண்ணெய். அந்த எண்ணத்தை மாற்ற, ஊர் ஊராக இதய நல முகாம் நடத்தலாம் என்றான்.

"ஊரே இருமணும் மேடம். எண்ணெயோட தரத்த எல்லாரும் காதால கேக்கணும். நான் வீடியோ எடுக்கறேன்."

முறையாகக் குடித்தால் சின்னதாகத்தான் இருமல் வரும், நான் முதலில் செய்து காட்டுகிறேன் என்று சொல்லி ஒப்புக்கொண்டேன். கல்லூரி விடுமுறையில் இருந்த பவித்ரா கோப்பை கொடுக்க வருகிறேன் என்றாள். கூட்டம், வெக்கை, வேண்டாம் என்றேன். "கோப்பை தூக்கினா ஹார்ட்டுக்கு ஆவாதா?" என்று கேட்டுக்கொண்டே வண்டியில் ஏறிவிட்டாள்.

கூடம் நிறைந்திருந்தது. எல்லார் கையிலும் காகிதக் கோப்பையில் பச்சை எண்ணெய். நான் பேச வாயெடுத்ததும் கரண்ட் போய் மைக் நின்றது. சரி, செய்தே காட்டிவிடலாம் என்று கோப்பையை உள்ளங்கையில் வைத்துப் பொத்திச் சூடேற்றினேன். முன்வரிசையில் மேலத்தெருப் பெரியவர் ஏழுமலை உட்கார்ந்திருந்தார்.

"இன்னாம்மா, எண்ணெய்க்கு ஜுரம் பாக்கறியா?" என்றார்.

கூடம் சிரித்தது. அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "எண்ணெய் குடிக்கறதுக்கு எங்களுக்குக் கத்துக் குடுக்க வந்துட்டாங்கபா. மாசா மாசம் வெளக்கெண்ணெய் குடிச்சி வளர்ந்த ஒடம்பு இது. மூக்கப் புடி, அண்ணாந்து ஊத்து, தீந்துது!" என்று எழுந்து நின்று மூக்கைப் பிடித்தார். எல்லாரும் பிடித்தார்கள்.

"வேணாம், அப்படிக் குடிக்காதீங்க!" என்று நான் கத்தியது மைக் இல்லாமல் எத்தனை தூரம் போகும்?

பாத்திரத்தில் வாய் வைத்துக் குடிப்பது எங்கள் ஊர்களில் எச்சில். அண்ணாந்து ஊற்றுவதுதான் சுத்தம். தண்ணீருக்கும் மோருக்கும் அது சரி. இந்த எண்ணெயை அப்படி ஊற்றினால், நாக்கைத் தொடாமல், ஒரு கோப்பையும் மொத்தமாகப் போய், அந்தக் காரத்தை உணரும் ஒரே இடத்தின் மேல் விழும். ஒரு சிறு வாய்க்கே மூன்று இருமல் வரவழைக்கும் எண்ணெய் அது.

முதலில் இருமியவர் ஏழுமலைதான். பிறகு நடந்ததைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன். இருமியவர்களின் உச்சந்தலையைப் பக்கத்தில் இருந்தவர்கள் தட்டினார்கள். தட்டியவர்களும் இருமினார்கள். அவர்கள் தலையை வேறு யாரோ தட்டினார்கள். "யாரோ நெனைக்கறாங்க, யாரோ நெனைக்கறாங்க" என்று ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி கண்ணில் நீர் வழிய, "ஊர் மொத்தத்தையும் ஒரே நேரத்துல எவன்டி நெனைக்கறான்? எலெக்‌ஷன் வருதா இன்னா?" என்றாள். கோகுல் நாற்காலி மேல் ஏறி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். நான் பவித்ராவைத் தேடினேன். ஒரு தூண் அருகே, ஊரே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமும்போது, அவள் மட்டும் காலிக் கோப்பையோடு அமைதியாக நின்றுகொண்டிருந்தாள். காரணம் தெரிந்திருந்தும் மேடையிலிருந்து இறங்கி அவளிடம் ஓடினேன்.

அந்த நேரத்தில்தான் வயலிலிருந்து ஓர் அம்மாள் தாமதமாக வந்து வாசலில் நின்றாள். அவள் கண்ணில் பட்டது, தொண்டையைப் பிடித்துக்கொண்டு கண் சிவந்து துடிக்கும் கூட்டமும், மேசை மேல் வரிசையாக இருந்த கரும்பச்சைப் பாட்டில்களும்.

"ஐயையோ! மோட்டார் கொட்டாவுல வைக்கற பூச்சி மருந்து பாட்டிலுடா அது! யாரு குடுத்தது?"

அதற்குமேல் நான் என்ன சொன்னாலும் யாரும் கேட்கவில்லை. ஆம்புலன்ஸ் வந்தது. அது போதாமல் ஒரு டிராக்டரும் எங்கள் ஆலை வேனும் சேர்ந்துகொள்ள, கூடம் அப்படியே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இடம் மாறியது.

அங்கே இருந்தவர் வேலைக்கு வந்து சில மாதமே ஆன பெண் டாக்டர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கூச்சலுக்கு நடுவே ஒவ்வொருவர் கண்ணிலும் டார்ச் அடித்துப் பார்த்தார், நாடி பார்த்தார். "பூச்சி மருந்தா இருந்தா கண் பாப்பா சுருங்கணும், வாயில எச்சி ஒழுகணும். அப்படி எதுவும் இல்ல. ஆனா இத்தனை பேரு இருமுறாங்களே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். இன்னும் சற்று நேரம் அவரை அப்படியே விட்டிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். அதற்குள் நர்ஸம்மா பவித்ராவிடம் வந்துவிட்டார்.

"நீ குடிச்சியா?"

"குடிச்சேங்கா."

"தொண்ட எரியல?"

"எனக்கு எரியாது. தெனமும் சாப்பிடறேன்."

"தெனமுமா? எத்தினி நாளா?"

"சின்ன வயசுலேருந்து."

"யாரு குடுக்கறாங்க?"

"எங்கம்மா."

வார்டில் இருந்த அத்தனை கண்களும் என் பக்கம் திரும்பின. நான் விளக்கம் சொல்லத் தொடங்குவதற்குள் டாக்டர் பவித்ராவின் கழுத்துக்குக் கீழே தெரிந்த தழும்பைப் பார்த்துவிட்டார்.

"ஹார்ட் ஆபரேஷனா? எல்லாருக்கும் இருமல் வருது, இவங்களுக்கு மட்டும் வரல. தொண்டை நரம்பு மரத்துப் போயிருக்கலாம். இவங்களுக்குத்தான் முதல்ல டியூப் போட்டு வயித்தக் கழுவணும்."

"மேடம், எனக்கு ஒண்ணுமே இல்ல. வேணும்னா எழுதித் தரேன்" என்றாள் பவித்ரா.

"பெனாத்துது பாருங்க மேடம்" என்றார் நர்ஸம்மா.

மூக்கு வழியாகக் குழாய் தொண்டைக்குள் இறங்கும்போது சிலருக்கு இதயத் துடிப்பு சட்டென்று குறையும் என்று அவளுடைய இதய டாக்டர் எப்போதோ சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டேன். பழகிய தொண்டை இருமாது என்றேன். ஓலியோகாந்தால் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க யாரு?"

"ஆலையில தரக்கட்டுப்பாடு. இந்த எண்ணெய பாஸ் பண்ணது நான்தான்."

"இந்தப் பொண்ணு?"

"என் பொண்ணு."

"நீங்களே கம்பெனி ஆளு, நீங்களே அம்மா. உங்க வார்த்தைய நான் எப்படிம்மா எடுத்துக்கறது? வெளியிலேருந்து எண்ணெய் தெரிஞ்சவங்க யாராவது சொல்லட்டும். இல்லன்னா, டியூப் வேணாம்னு நீங்க கையெழுத்துப் போடுங்க. நான் விட்டுடறேன்."

பேனாவைக் கொடுத்தார்.

இதற்குள் கோகுலுக்கு வீரம் வந்துவிட்டது. "பாருங்க டாக்டர், நானே குடிக்கறேன்!" என்று வேனில் வந்த பெட்டியிலிருந்து ஒரு பாட்டிலைத் திறந்து, ஊர் வழக்கத்தை அதற்குள் கற்றுக்கொண்டவன் போல அண்ணாந்து ஊற்றினான். இருமி இருமிக் கீழே உட்கார்ந்தான். அவனைத் தூக்கி ஒரு கட்டிலில் போட்டார்கள். முதலாளிக்கு விசுவாசமான வேன் டிரைவர், "இப்டி இல்ல சார், நான் காட்டறேன்" என்று வாங்கிக் குடித்தான். அவனுக்கும் ஒரு கட்டில் கிடைத்தது. ஊர்க்காரர்கள் ஏறக்குறைய எல்லாரும் இருமலை நிறுத்திவிட்டு டீ கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனால் எண்ணெய் நல்லது என்று நிரூபிக்க யாராவது ஒருவர் புதிதாக இருமிக்கொண்டே இருந்ததால் வார்டில் இருமல் சத்தம் ஓயவில்லை.

நான் செய்ய வேண்டியது எனக்குத் தெரிந்திருந்தது. அதே பெட்டியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துக் கோப்பையில் ஊற்றினேன். உள்ளங்கையில் வைத்துப் பொத்தினேன். முகர்ந்தேன். ஃபினாயில் வாடை. மறுபடியும் முகர்ந்தேன். ஃபினாயில் வாடையைத் தவிர எதுவுமே இல்லை. பச்சை இலை வாசனை இல்லை, சிக்கு வாடை இல்லை, வேறெதுவும் இல்லை. இத்தனை வருடத்தில் என் மூக்கு ஒருமுறைகூட அப்படிச் செத்துக் கிடந்ததில்லை. ஒரு வாய் குடித்தேன். வாரம் ஒருமுறை சுவைத்துப் பழகிய என் தொண்டையிலும் குத்தியது, இருமினேன். அது நல்ல எண்ணெயின் குத்தலா, பூச்சி மருந்தின் எரிச்சலா என்று என்னால் சொல்ல முடியவில்லை. நர்ஸம்மா என் முழங்கையைப் பிடித்து பவித்ராவின் பக்கத்துக் கட்டிலில் படுக்க வைத்தார்.

படுத்தபிறகு சந்தேகங்கள் வரிசையாக வந்தன. நான் சுவைத்தது ட்ரம்மில் இருந்த எண்ணெயை. பாட்டிலில் நிரப்பியது மறுநாள். நடுவில் நிரப்பும் குழாய்களைக் காஸ்டிக் சோடா போட்டுக் கழுவியிருந்தால்? பாட்டில்கள் எங்கிருந்து வந்தன? மூடியில் என்ன பசை? வேறொருவர் வந்து கேட்டிருந்தால் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லியிருப்பேன். எனக்கு நானே சொன்ன பதிலை என்னால் நம்ப முடியவில்லை.

"ஏம்மா, நீ பாஸ் பண்ணதுதான?" என்றாள் பவித்ரா.

"ஆமாண்டி."

"அப்பறம் இன்னா? கையெழுத்துப் போட்டுட்டு வா, வூட்டுக்குப் போலாம்."

பேனா என் கையிலேயே இருந்தது. எத்தனையோ வீடுகளின் சமையலறைக்குப் போகப்போகிற எண்ணெய்க்கு ஒவ்வொரு வாரமும் தயங்காமல் கையெழுத்துப் போட்டவள் நான். அந்த ஒரு தாளில் போட முடியவில்லை. பேனாவை வைத்துவிட்டு அந்துவான் சாருக்குப் போன் செய்தேன். அழுகையில் பாதி வார்த்தைதான் வெளியே வந்தது.

"எந்த லாட்டு மேதாம்?" என்று மட்டும் கேட்டார்.

"கடைசியா வந்தது சார். நான் பாஸ் பண்ணது."

"பஸ்ஸப் புடிச்சி வரேன்" என்று வைத்துவிட்டார்.

டவுனிலிருந்து வரும் பஸ் ஒவ்வொரு ஊரிலும் நிற்கும். அதுவரை டாக்டர் காத்திருக்க முடியாது என்றார். தட்டில் குழாய் வந்தது. நர்ஸம்மா பவித்ராவின் தலையைச் சாய்த்துப் பிடித்தார். நான் எழுந்து நடுவில் நின்றேன். அப்போது என் மகளைக் காப்பாற்றியது என் படிப்பு அல்ல, மேலத்தெருப் பெரியவர் ஏழுமலை.

"நிறுத்துங்கம்மா! ஊர்ல எது நடந்தாலும் மொத மரியாத எனக்குத்தான். வெளியூர்ப் பொண்ணுக்கு மொத குழாயா? மொதல்ல எனக்குப் போடுங்க" என்று சட்டையைக் கழற்றிக்கொண்டு வந்து நின்றார்.

கீழத்தெருக்காரர்கள் சும்மா இருப்பார்களா? "அது எப்டி மேலத்தெருவுக்கு மொதல்ல? போன திருவிழாவுலயே பேசி முடிச்சாச்சி, இந்த வருசம் எங்க தெருவுக்குத்தான்" என்று ஒருவர் கட்டிலிலிருந்து இறங்கினார். "யோவ், அது சாமிக்கு. இது வயித்துக்கு" என்றார் இன்னொருவர். டாக்டர் குழாயைக் கையில் தூக்கிப் பிடித்தபடி, இது மரியாதை இல்லை, மூக்குக்குள் விடுவது, வலிக்கும் என்று சொல்லிப் பார்த்தார். வலியைப் பற்றி இரு தெருவுக்கும் ஆட்சேபம் இல்லை. யாருக்கு முதலில் என்பதுதான் கேள்வி. பேச்சு முந்தைய தகராறுகளுக்கெல்லாம் போய்த் திரும்பியது. நான் பவித்ராவின் கட்டிலில் ஏறி அவளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். "அம்மா, மூச்சு முட்டுது, இப்ப நெஜமாவே இருமல் வரப் போவுது" என்றாள் அவள். நான் விடவில்லை.

தகராறு இன்னும் முடியாதிருந்தபோது வாசலில் வெள்ளைச் சட்டையும் குடையுமாக அந்துவான் சார் வந்து நின்றார். உள்ளே வந்ததும் டாக்டருக்கு வணக்கம் சொல்லி, பேர் சொல்லி, பார்த்த வேலையைச் சொல்லி, பத்து வருடமாக ஆலைக்கும் தனக்கும் தொடர்பில்லை என்றும் சொன்னார். ஒரு சுத்தமான கண்ணாடிக் கோப்பை கேட்டார். ஸ்பிரிட் போட்டுத் துடைத்த கையோடு டாக்டர் கொடுத்ததை வாங்கவில்லை. "கைய வெறும் தண்ணியில கழுவிட்டுக் குடுங்க மேதாம்" என்றார். டாக்டர் போய்க் கழுவிக்கொண்டு வந்தார். தலையில் பூ வைத்திருந்தவர்களை வராந்தாவுக்குப் போகச் சொன்னார். போனார்கள். இரண்டு தெருவும் வாயை மூடிக்கொண்டன.

அதே பெட்டிப் பாட்டிலிலிருந்து எண்ணெய் ஊற்றிய கோப்பை உள்ளங்கையில் சுழன்றது. பொத்திய கையை விலக்கி, கண்ணை மூடி, நீண்ட நேரம் முகர்ந்தார். ஒரு சிறு வாய் எடுத்தார். பல்லிடுக்கில் சர்ரென்று காற்று போனது. விழுங்கினார். மூன்று முறை இருமிவிட்டுக் கைக்குட்டையால் வாயைத் துடைத்தார்.

"நல்ல எண்ணெய் மேதாம். ஒரு குத்தமும் இல்ல. இவங்க அண்ணாந்து குடிச்சாங்க, அதான் விஷயம். கண்ணு சரியா இருக்குதுன்னு நீங்களே பார்த்துட்டீங்க. அந்தப் பொண்ண விட்டுடுங்க."

டாக்டர் என் மகளை ஒருமுறை பார்த்தார். குழாயைத் தட்டில் வைத்து அதன் மேல் துணியை மூடினார். அவர் முகத்திலும் அப்போதுதான் ரத்தம் திரும்பியது. "அப்ப எனக்கும் கெடையாதா?" என்று ஏழுமலை சட்டையைத் தேடினார்.

பவித்ரா எழுந்துபோய்ச் சாருக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் என் பக்கத்தில் கட்டில் ஓரமாக உட்கார்ந்து குடித்தார்.

"இந்த ஃபினாயில் நாத்தத்துல எப்படி சார் உங்களால மோந்து பாக்க முடிஞ்சுது? எனக்கு ஒண்ணுமே தெரியல" என்றேன்.

அவர் டாக்டர் தூரத்தில் இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டு, என் காதருகில் குனிந்தார்.

"ஃபினாயிலா? இங்க ஃபினாயில் வாசன அடிக்குதா மேதாம்? ஒரு காய்ச்சல் வந்து எனக்கு மூக்கு போயி ரெண்டு வருஷம் ஆவுது. நீங்க பாஸ் பண்ணதுன்னு சொன்னீங்க இல்ல, அதத்தான் அவங்ககிட்ட சொல்லிட்டுப் போவலாம்னு வந்தேன்."